பச்சை வெளிச்சமும் என் வலது இடுப்பும்

என் இடுப்பெலும்புக்குள் பச்சை விளக்கு எரிகிறது என்ற சேதி எங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். ஒரு காதுகுத்துக்குப் போனால்கூட, “விளக்கு நல்லா எரியுதுங்களா?” என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்த விளக்கு என் இடுப்பில் எரியவே இல்லை. எரிந்தது சேலத்தில், ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒரு கண்ணாடித் தட்டில். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

என் பெயர் சரஸ்வதி. ஊரில் சரசு. வயது ஐம்பத்தொன்று. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற சாலையில் உள்ளே தள்ளி எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. தீவனம், லாரி, வியாபாரிகள் எல்லாம் என் வீட்டுக்காரர் தங்கவேல் பார்த்துக்கொள்வார். கோழிகளை நான் பார்த்துக்கொள்வேன். இந்தப் பிரிவினை கல்யாணமான வருஷம் போட்டது, இன்னும் மாறவில்லை.

கொரோனா வந்தபோது எனக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சு திணறியது. ஸ்டீராய்டு என்ற மருந்தை நிறையக் கொடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த மருந்து போகிறபோது ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, தொடையும் வயிறும் சேருகிற இடத்தில் ஒரு வலி. முதலில் வாயு என்றார்கள். பிறகு சுளுக்கு என்றார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், கட்டுப் போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்கு ஏன் செருப்பு மாட்டக் காலைத் தூக்க முடியவில்லை என்று கேட்டேன். வயசாகிவிட்டது என்றார் அந்த டாக்டர். அவருக்கு என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். ஜம்மென்று நடந்து போனார்.

கடைசியில் அஸ்தம்பட்டியில் ஒரு சென்டரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். காத்திருக்கும் அறையில் ஆளாளுக்கு மடியில் ஒரு பெரிய கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, “உங்களுக்கு என்னங்க?” என்பதுதான். பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் தங்களுடையதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஆத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், என்னுடையது இடுப்பு என்றதும், “இடுப்பு தானே” என்று ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கு முதுகில் மூன்று எலும்பு நகர்ந்திருந்ததாம். வியாதியில்கூடத் தோற்றுப்போனேன்.

என்னுடைய நோயின் பெயர் அவாஸ்குலர் நெக்ரோசிஸ். பயப்படுகிற மாதிரி பெயர் வைத்திருக்கிறார்களே தவிர விஷயம் சுலபம்தான். தொடை எலும்பின் மேல் முனை ஒரு பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள ஒரு கிண்ணத்துக்குள் சுழலும். அந்தப் பந்துக்குப் போகிற ரத்தம் நின்றுவிட்டால் எலும்பு உள்ளுக்குள்ளேயே சாகும். வெளியே தோல், சதை எல்லாம் நன்றாக இருக்கும். நடந்துகொண்டே இருந்தால், செத்த எலும்பு உடம்பின் பாரத்தைத் தாங்காமல் ஒருநாள் நசுங்கும். எனக்கு இரண்டு பக்கமும் செத்துக்கொண்டிருந்தது. இரண்டும் இன்னும் நசுங்கவில்லை.

என்னைப் பார்த்த எலும்பு டாக்டரின் பெயர் சந்திரன். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு. அவர் பேனாவால் பந்தையும் கிண்ணத்தையும் வரைந்து காட்டினார்.

“இப்பவே பந்தை எடுத்துட்டு உலோகத்துல வைக்கலாம்மா. ஆனா அதுக்கு முன்னால இன்னொண்ணு செஞ்சு பாக்கலாம். எலும்புல ஒரு துளை போட்டு உள்ள இருக்கற அழுத்தத்தைக் குறைப்போம். உங்க இடுப்போட பின்பக்கத்துல இருந்து மஜ்ஜை எடுத்து, அதுல இருக்கற ஸ்டெம் செல்லைச் செறிவாக்கி அந்தத் துளைக்குள்ள விடுவோம்.”

“அது போயி என்ன பண்ணுமுங்க?”

“புது எலும்பா மாறலாம். இல்லைன்னா பக்கத்துல இருக்கற எலும்பை வளரச் சொல்லித் தூண்டலாம்.”

“லாமுன்னா?”

அவர் சிரித்தார். “லாம்னா லாம்தாம்மா.”

அந்தப் பதிலுக்காகத்தான் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தேன். நிச்சயம் என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். ஸ்டெம் செல் என்பது இன்னும் எந்த வேலைக்கும் போகாத செல். எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ ஆகிற திறன் அதற்கு உண்டு. எல்லோர் எலும்பு மஜ்ஜையிலும் கொஞ்சம் இருக்குமாம்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு ஹேமா வந்தாள். அம்மாபேட்டைப் பெண். அப்பா தறிக்காரர். அவள் அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். கையில் ஒரு படிவம்.

“உங்களுக்குப் போட்டது போக மஜ்ஜைல கொஞ்சம் மீறும்மா. சாதாரணமா கொட்டிருவோம். நீங்க சம்மதிச்சா அதுல இருக்கற செல்லை நாங்க வளர்த்து, ஒளி குடுக்கற நானோ துகளை அதுக்குள்ள அனுப்பிப் பாப்போம்.”

“என்னத்துக்கு?”

“உள்ள விட்ட செல்லு எங்க போகுது, எவ்வளவு நாள் இருக்குதுன்னு இப்ப யாராலயும் கண்ணால பாக்க முடியலைம்மா. அடையாளம் போட்டா பாக்கலாம். முதல்ல தட்டுல, அப்புறம் எலில.”

நானோ துகள் என்றால், ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் வரிசையாக உட்காரலாம், அவ்வளவு சிறிசு. செல்லோடு தண்ணீரில் கலந்து வைத்தால் செல் அதை விழுங்கிவிடும். பிறகு அதன் மேல் ஒரு வகையான நீல வெளிச்சத்தை அடித்தால், துகள் பச்சையாகத் திருப்பி மினுங்கும். என் இடுப்பில் அதைப் போடமாட்டோம் என்று ஹேமா மூன்று தடவை சொன்னாள். அந்த வெளிச்சம் இவ்வளவு சதையைத் தாண்டி வெளியே தெரியாது, மனுஷருக்குப் போட அனுமதியும் இல்லை. எனக்குப் போடுவது துகள் கலக்காத செல். இது எனக்கு அன்றைக்கே புரிந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் புரியவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

கையெழுத்துப் போட்டேன். கொட்டப்போவதைக் கொடுப்பதில் எனக்கென்ன நஷ்டம்?

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். விழித்துக்கொண்டேதான் இருந்தேன். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணித் திரை. அதற்கு அந்தப் பக்கம் எலும்பில் துளை போடுகிற சத்தம். எங்கள் பக்கம் ரிக் வண்டி கொண்டுவந்து போர் போடும்போது, பாறை வந்தால் சத்தம் மாறும். அதே மாதிரி நடுவில் சத்தம் மாறியது.

“பாறை வந்திருச்சுங்களா?” என்று கேட்டேன்.

திரைக்குப் பின்னால் டாக்டர் சந்திரன் சிரித்ததில் துளை போடுவது ஒரு நிமிஷம் நின்றது. “ஆமாங்கம்மா. தண்ணி இன்னும் வரலை.”

ஆறு நாள் படுக்கை. அதற்கப்புறம் இரண்டு மாதம் கால்களில் முழுப் பாரம் விழக்கூடாது, வாக்கரும் சக்கர நாற்காலியும்தான். பயம் இருந்ததா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இருந்தது. செத்துப்போவோம் என்ற பயம் இல்லை. இனி ஷெட்டுக்குள் நடக்கமுடியாது, யாராவது என்னைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டே இருப்பார்கள் என்ற பயம். பில்லைப் பற்றி எழுதமாட்டேன். அதைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார், அவ்வளவுதான்.

அவரைப் பற்றி ஒன்று எழுதவேண்டும். பெட் பேன் வைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். சத்தம் கேட்குமே என்று அடக்கிக்கொண்டே கிடப்பேன். இது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. நர்ஸ் திரையை இழுத்ததும் அவர் வெளியே நின்று ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் எதிர்முனையில் இல்லாமலே, அன்றைய முட்டை ரேட்டை வார்டே கேட்கச் சத்தமாகப் பேசுவார். மூன்றாம் நாள் எதிர்க் கட்டில்காரர், “ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு ஓயவே மாட்டாருங்களா?” என்று என்னிடம் கேட்டார். என் மகள் கவிதா பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் திருச்செங்கோடு வழியாக இரண்டு பஸ் மாறி வந்து, தலை சீவிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். இவர்களைப் பற்றிப் பின்னால் நான் கோபமாக எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நான்கு வாரம் கழித்துத் தையல் இடத்தைக் காட்டப் போயிருந்தபோது ஹேமா எங்களை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்காரர், பக்கத்தில் கவிதா. மைக்ராஸ்கோப்பில் தெரிவதைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டினாள். கறுப்பு இருட்டு. அதில் நீள நீளமாகப் பச்சைப் புள்ளிக் கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு செல். என் செல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லமாட்டேன். என் உடம்பிலிருந்து வெளியே வந்து, நான் இல்லாமலே உயிரோடிருந்து, மினுங்கிக்கொண்டிருந்தது அது. கவிதா படம் எடுத்தாள். வெளியே வருவதற்குள் குடும்பக் குழுவில் போட்டாள். ‘அம்மாவின் இடுப்பில் ஸ்டெம் செல் வேலை செய்கிறது’ என்று கீழே எழுதினாள். இடுப்பில் இல்லையடி, தட்டில் என்றேன். “எல்லாம் ஒண்ணு தானேம்மா” என்றாள்.

எல்லாம் ஒன்று இல்லை. ஆனால் படத்துக்கு முன்னால் நம் பேச்சு எங்கே எடுபடுகிறது? பார்க்க வந்தவர்களெல்லாம் ஃபோனை நீட்டி, பெரிசு பண்ணிப் பார்த்தார்கள். என் பெரிய மைத்துனர் அதைப் பிரிண்ட் போட்டு, பண்ணை ஆபீசில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாயிற்று. நான் மட்டும்தான் இன்னும் வாக்கரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் நடக்கச் சொன்னார்கள். முதலில் இரண்டு ஊன்றுகோல், பிறகு ஒன்று. இடது பக்கம் நாளுக்கு நாள் தெளிந்தது. செருப்பை மாட்டினேன். வலது பக்கம் முதல் பத்து நாள் ஒத்துழைத்தது. பிறகு அதே பழைய வலி, அதே இடத்தில், கூடவே ஒரு புதுச் சத்தம். திரும்பும்போது ‘நறுக்’ என்று ஒன்று.

சொன்னேன். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர், “பயம்தான் அம்மா, மனசுல இருக்கு” என்றார். மாதாந்திரப் பார்வைக்குப் போன அன்று டாக்டர் சந்திரன் வெளியூர். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் ஃபைலைப் புரட்டினார். யார் வைத்தார்களோ, அதிலும் அந்தப் பச்சைப் படம் இருந்தது. “ரெஸ்பான்ஸ் நல்லா இருக்கே” என்றார். என் காலை அவர் தொடவில்லை. ஆறு மாதத்துக்கு அப்புறம் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஊன்றுகோல் இரண்டையும் எடுத்துப் பரண்மேல் போட்டார்.

“கோலு கையில இருந்தா நீ நடக்கவே மாட்ட. உள்ள எல்லாம் சரியாயிருச்சு. படத்தைப் பாரு புள்ள.”

“வலிக்குதுங்கறேன்!”

“சரியான வலியா இருந்தா படத்துல தெரியுமில்ல?”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவர்களுக்கு எனக்கு வந்ததே ஃபோனில் தெரிந்தால்தான் தெரியும் போலிருக்கிறது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்த மனுஷர், என் முகத்தைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்து எனக்கு வலிக்கவில்லை என்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோல் கீழே வராமல் நான் எழுந்திருக்கமாட்டேன் என்றேன். பிடிவாதம் என்றார். ஆமாம், பிடிவாதம்தான். வலது எலும்பு உள்ளே நசுங்கத் தொடங்கியிருந்தால், ஒவ்வொரு அடியும் அதை நானே மிதித்து நொறுக்குகிற அடி. என் காலை என் காலாலேயே மிதிக்கச் சொல்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அந்த நீல நாக்கு ஞாபகம் வந்தது.

கோழி வளர்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்தைக் குடிக்கிற தண்ணீரில் கலந்து வைப்போம். கோழி குடித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்காக மருந்தோடு ஒரு நீலச் சாயமும் கலப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து வரிசைக்கு நாலு கோழியைப் பிடித்து, அலகைத் திறந்து நாக்கைப் பார்ப்பது என் வேலை. நாக்கு நீலமாக இருந்தால் குடித்தாயிற்று. எல்லோருக்கும் டீயும் மிக்சரும். எங்கள் பண்ணையில் இது ஒரு சடங்கு மாதிரி.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அப்படிப் பார்த்தேன். பிடித்த கோழியெல்லாம் பளிச்சென்று நீலம். டீ குடித்தோம். மூன்று வாரத்தில் கழுத்து முறுக்கிக்கொண்டு கோழிகள் விழ ஆரம்பித்தன. வெள்ளைக்கழிச்சலேதான். எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் தெரிந்தது, முந்தின நாள் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியவர்கள் சரியாக அலசவில்லை. அந்தத் தடுப்பு மருந்து உயிருள்ள மருந்து. பிளீச்சிங் அதைத் தண்ணீரிலேயே கொன்றுவிட்டது. சாயத்தை வெளுக்க அந்தக் கொஞ்சம் போதவில்லை. கோழிகள் செத்த மருந்தை நீலமாகக் குடித்திருந்தன. அதை நான்தான் பார்த்து, நான்தான் சரி என்று சொன்னேன். ஷெட்டில் பாதி காலியாயிற்று.

ஹேமாவுக்கு ஃபோன் போட்டேன்.

“கண்ணு, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பச்சை, துகளோட பச்சையா, செல்லோட பச்சையா?”

“துகளோடதும்மா.”

“அப்ப செல்லு செத்துப்போச்சுன்னா?”



“துகள் அங்கயே கெடக்கும்மா. செத்த செல்லைத் தின்னு சுத்தம் பண்றதுக்குன்னு உடம்புல வேற செல்லு இருக்குது. அது இந்தத் துகளையும் சேத்து விழுங்கிரும். அப்புறம் அது பச்சையா மினுங்கும். எங்களுக்கு இருக்கற பெரிய தலைவலியே அதுதாம்மா. எலிலயும் ஒளி தெரியும். அது நாங்க விட்ட செல்லா, அதைத் தின்ன செல்லான்னு அந்த ஒளியை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது.”

“இதை ஏஞ்சாமி அன்னைக்கே சொல்லலை?”

“நீங்க அழுதீங்கம்மா. சந்தோஷமா இருந்தீங்க. சொல்ல மனசு வரலை.” அப்புறம் கேட்டாள், “இப்ப வலிக்குதாம்மா?”

மூன்று மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். வலது பக்கம் வலிக்கிறது, சத்தம் வருகிறது என்றேன். கால் வைக்காதீர்கள், நாளைக்கே வாருங்கள், நான் டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள்.

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஃபோனை வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

“அந்த நீல நாக்கு ஞாபகமிருக்குதுங்களா?”

கோழிகளைக் குழி வெட்டிப் புதைத்தவர் அவர். முகம் மாறியது. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து கோல்களை இறக்கினார். தூசியைத் தன் துண்டாலேயே துடைத்தார். என் கையில் கொடுத்தார். “நாந்தான் அறிவில்லாம போட்டேன்” என்றார். அன்றைக்கு அவரை நான் மன்னிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் மன்னித்தேன்.

ஸ்கேன் வந்தது. இடது பக்கம் பந்து உருண்டையாக, உள்ளே புது எலும்பின் அடையாளத்தோடு நன்றாக இருந்தது. வலது பக்கம் பந்தின் உச்சியில் பிறை மாதிரி ஒரு கோடு. அதற்குக் கீழே எலும்பு இறங்க ஆரம்பித்திருந்தது. ஒரே மஜ்ஜை, ஒரே நாள், ஒரே டாக்டர், ஒரே இடுப்பு. ஒரு பக்கம் பிடித்தது, மறு பக்கம் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார் டாக்டர் சந்திரன். தெரிந்துகொள்வதற்குத்தான் ஹேமா அங்கே ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறாள் என்றார்.

“அந்தப் படத்தை யாருங்க என்ற ஃபைல்ல வச்சது?”

“நான் வைக்கலைம்மா. ஆனா வச்சிருந்ததைப் பாத்தேன். எடுத்திருக்கணும். எடுக்கலை.” பிறகு, “நீங்க கோல் இல்லாம நடந்திருந்தீங்கன்னா இதைவிட மோசமா நொறுங்கியிருக்கும்” என்றார்.

பெரிய டாக்டர் ஒருவர் தன் தப்பை இப்படி நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் என் கோபம் அவ்வளவு சுலபத்தில் இறங்குகிற கோபமில்லை. வலது பக்கத்துக்கு உலோக மூட்டு வைத்துவிடுங்கள் என்றேன். கவிதா அழுதாள். இன்னொரு தடவை ஸ்டெம் செல் போட்டுப் பார்க்கலாமே, மைசூரில் ஒருத்தருக்கு இரண்டாவது தடவையில் சரியானதாமே என்றாள். ஃபோனில் படித்தாளாம். அந்த ஃபோனை முதலில் பைக்குள் வை என்றேன். பிழைத்ததைப் பிழைத்தது என்போம், செத்ததைச் செத்தது என்போம். செத்ததை எடுத்துவிட்டு நடக்கப் பார்க்கிறேன். அதற்கு நான் ஏன் அழவேண்டும்?

இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஹேமா மறுபடியும் ஒரு படிவத்தோடு வந்தாள். இந்தத் தடவை அவள் கண்ணை நிமிர்த்திப் பார்க்கவில்லை. வெட்டி எடுக்கப்போகிற என் எலும்புப் பந்தை ஆய்வுக்கூடத்துக்குக் கேட்டாள். உள்ளே எந்த இடம் செத்திருக்கிறது, எந்த இடத்தில் புது எலும்பு வர முயற்சி செய்து நின்றுபோயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதிலிருந்தும் செல் எடுத்து அடையாளம் போட்டுப் பார்ப்பார்களாம்.

“நீங்க வேண்டாம்னா வேண்டாம்மா. எனக்குப் புரியும்.”

“பேனா குடு.”

படிவத்தை வாங்கி, கையெழுத்துக்கு மேலே இருந்த காலி இடத்தில் தமிழில் எழுதினேன்: ‘இந்த எலும்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் படம் என்ன சொன்னாலும், வலி இருக்கிறதா என்று முதலில் என்னைக் கேட்க வேண்டும். நான் சொல்வதை ஃபைலில் எழுத வேண்டும். இப்படிக்கு, சரஸ்வதி.’

பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ் பதறிவிட்டார். “படிவத்துல இதெல்லாம் எழுதக் கூடாதுங்கம்மா. கையெழுத்து மட்டும் போடுங்க. வேற படிவம் தரேன்.”

“வேற படிவத்துலயும் இதையேதானுங்க எழுதுவேன்.”

“ரூல்ஸ் இருக்குதுங்க.”

“என்ற எலும்புக்கும் ரூல்ஸ் இருக்குதுங்க. எழுத விட்டாத் தாரேன். இல்லீனா எடுத்து என்ற கையிலயே குடுத்துருங்க. ஊட்டுக்குக் கொண்டு போயித் தென்னைக்கு அடியில போட்டுக்கறேன்.”

ஹேமா வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் நர்ஸைப் பார்த்து, “அவ சொன்னா சொன்னதுதானுங்க. நாங்கூடக் கேக்காம மாட்டிக்கிட்டேன்” என்றார். டாக்டர் சந்திரனைக் கூப்பிட்டார்கள். அவர் நின்றபடியே படித்தார். இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தார். பிறகு நான் எழுதியதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை ரவுண்ட்ஸ். டாக்டர் சந்திரனோடு ஐந்தாறு இளம் டாக்டர்கள் வந்தார்கள். அன்று ஃபைலைப் பார்த்துக் காலைத் தொடாமல் அனுப்பியவரும் அதில் இருந்தார். ஒருவர் கையிலிருந்த டேப்லெட் திரையில் என் புது எக்ஸ்ரே. வெள்ளை வெளேரென்று உலோகப் பந்து, கிண்ணத்துக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்கே அழகாகத்தான் தெரிந்தது. எல்லோரும் அதன் மேல் குனிந்தார்கள். கோணம், அளவு என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது நல்ல படம்.

 என் பங்குக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, அவர்கள் பங்கு என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சந்திரன் அந்தத் திரையை வாங்கி, கட்டில் மேல் கவிழ்த்து வைத்தார். ஸ்டூலை இழுத்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“வலி எப்படிங்கம்மா இருக்கு?”

அவசரப்படாமல் யோசித்தேன். அடம்பிடித்து, எழுதிக் கொடுத்துக் கேட்க வைத்த கேள்வி. பதில் சரியாக இருக்க வேண்டாமா? கண்ணை மூடி, வலது இடுப்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

அவர் திரும்பி, அன்றைய அந்த இளம் டாக்டரிடம், “எழுதிக்கங்க” என்றார்.

“எப்படி சார் எழுதறது?”

“அவங்க சொன்ன மாதிரியே.”

அவர் நின்றபடி, ஃபைலைக் கையில் தாங்கி, எழுத்துக்கூட்டி எழுதினார். டிஸ்சார்ஜ் ஆகும்போது வாங்கிப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிற அந்தத் தடிமனான ஃபைலில் டாக்டர்கள் எழுதியதில் ஒரே ஒரு வரி தமிழில் இருக்கிறது:

‘வலிக்குதுங்க. ஆனா இது ஆறுற வலி.’